"சார், எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?"

பிஎச்.டி. ஆய்வேட்டை எழுத்துத் திருட்டுச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு நூலகத்தில் காத்திருக்கும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். எந்தப் பக்கம், யாருடைய எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று கேட்பவர் அபூர்வம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையே சதவீதக் கணக்கில்தான் பேசுகிறது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவு ரத்து.

சரி, அந்த எண் எப்படி வருகிறது?

கோடிக்கணக்கான கட்டுரைகளோடு ஓர் ஆய்வேட்டை வரிக்கு வரி ஒப்பிட்டால் வேலை முடியாது. அதனால் மென்பொருள் முதலில் வாசகத்தைத் துண்டு போடுகிறது. 'நிலத்தடி நீரில் ஃபுளோரைடின் அளவு கோடையில் உயர்கிறது' என்ற வாக்கியத்தை மும்மூன்று சொல்லாக வெட்டுவோம். 'நிலத்தடி நீரில் ஃபுளோரைடின்' ஒரு துண்டு. ஒரு சொல் நகர்ந்தால் 'நீரில் ஃபுளோரைடின் அளவு' அடுத்த துண்டு. இப்படி மொத்தம் நான்கு. ஒவ்வொரு துண்டையும் ஒரு கணக்கில் போட்டு ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள்; இதற்கு ஹாஷ் என்று பெயர். ஒரே துண்டு எங்கே வந்தாலும் ஒரே எண்தான். எண்களை ஒப்பிடுவது கணினிக்குச் சுலபம்.

ஆனால் எல்லா எண்களையும் சேமித்தால் இடம் போதாது. பத்துக்கு ஒன்றாக எடுத்து வைக்கலாமே என்று தோன்றும். அது பலிக்காது. திருடியவர் தொடக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், வரிசை முழுக்க நகர்ந்து, இங்கே எடுத்த பத்தாவது அங்கே பதினொன்றாவது ஆகிவிடும்.

2003-இல் ஷ்லைமர், வில்கர்சன், ஐக்கன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு அழகான வழி சொன்னார்கள். அடுத்தடுத்த நான்கு எண்களை ஒரு சன்னல் வழியே பார்ப்பதுபோலப் பார், அவற்றில் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொள், ஓர் எண் நகர்ந்து மறுபடியும் அதையே செய். இடத்தை வைத்து எடுக்காமல் எண்ணின் மதிப்பை வைத்து எடுப்பதால், ஒரே பத்தி இரண்டு கட்டுரைகளில் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும் இரண்டிலும் அதே எண் தேறும். மேலே சொன்ன கணக்குப்படி தொடர்ந்து ஆறு சொற்கள் ஒத்துப்போனால் தப்பிக்கவே முடியாது. ஆறு சொல்லில் நான்கு துண்டுகள், அதாவது ஒரு முழுச் சன்னல் அடங்கிவிடும். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வின்னோயிங்'. நம் களத்துமேட்டு மொழியில் தூற்றுதல். டர்னிட்டின், டிரில்பிட் போன்ற வணிக மென்பொருள்களின் உள்வேலை முழுதாக வெளியே வருவதில்லை. ஆனாலும் இப்படித் தேறிய எண்களைக் கைரேகைபோல எடுத்து ஒப்பிடும் எண்ணம் இந்தத் துறையில் பொதுவானது.

இந்தக் கணக்கில் திருட்டு என்ற சொல்லே எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்து ஒத்துப்போகிறதா, இல்லையா, அவ்வளவுதான். மேற்கோள், நூற்பட்டியல், நன்றியுரை இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது விதிமுறை. பொதுவாகப் புழங்கும் தொடர்களுக்கும் தற்செயலாக ஒத்துப்போவதற்கும் 14 சொல் வரை சலுகை உண்டு. இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து கழித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், 200 பக்க ஏட்டில் 10 சதவீதம் என்பது 20 பக்கம்! ஓர் அத்தியாயத்தை அப்படியே தூக்கி வைத்தாலும் எண் பச்சை நிறத்தில் சிரிக்கும்.

ஒரு சொல்லை மாற்றினால் அது இடம்பெறும் மூன்று துண்டுகளும் உடைந்துபோகும். அதனால்தான் மூன்று சொல்லுக்கு ஒன்றாக மாற்றிப் போடும் மென்பொருள்களுக்குச் சந்தையே உருவானது. அவற்றுக்கும் பொருள் தெரியாதே. செயற்கை நுண்ணறிவு 'போலிப் பிரக்ஞை' ஆனது. மார்பகப் புற்றுநோய் 'மார்பு அபாயம்' ஆனது. இப்படிப்பட்ட ஆங்கிலத் தொடர்களை 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயரிட்டு, கபனாக், லாபே, மகசினோவ் ஆகியோர் 2021-இல் அறிவியல் இதழ்களிலிருந்தே தோண்டி எடுத்தார்கள். ஒளித்துவைத்த விதமே காட்டிக்கொடுத்துவிட்டது.

தமிழ் ஆய்வேடு என்றால் இவ்வளவு சிரமம்கூட வேண்டாம். 'கோடையில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அளவு உயர்வதைக் காண்கிறோம்' என்று எழுதிப் பாருங்கள். சங்கதி அதேதான், ஆனால் பழைய வாக்கியத்தோடு ஒத்துப்போக ஒரு துண்டுகூட மிஞ்சாது. வேற்றுமை உருபு மாறுகிறது, சொல்வரிசை புரள்கிறது. நம் மொழி இரண்டுக்கும் தாராளமாக இடம் தருகிறது.

அப்புறம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இருக்கும் மூலத்தோடு அது எந்தக் காலத்திலும் ஒட்டாது. ஆகவே தமிழ் ஏட்டுக்குப் பூச்சியம் வந்தால் மாணவருக்கு மகிழ்ச்சி, எனக்குச் சந்தேகம். 'இவ்வாய்வின் நோக்கம்' வகைத் தொடர்களாலாவது நாலைந்து துண்டு எங்காவது ஒட்டியிருக்க வேண்டுமே. கோப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பேன். அங்கேயும் தமிழாகவே தெரிந்தால் அறிக்கையைப் படிக்கலாம். அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டினால், "தம்பி, முதலில் இதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வா."