வேலையிடக் காற்றில் ரசாயனம்: சட்டம் அனுமதிக்கும் அளவு என்ன?

பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் நெடி இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. பழகுவது மூக்கு மட்டுமே. தின்னரில் இருக்கும் டோலுவீன் என்ற ரசாயனத்தின் ஆவி இரத்தத்தில் கலப்பது நிற்பதில்லை.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000இல் வந்த ரசாயன விதிமுறைகள், வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று அட்டவணை இடுகின்றன. டோலுவீனுக்குப் பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு. முதல் நான்கு மணி நேரம் 70, அடுத்த நான்கு மணி நேரம் 20 என்றால் சராசரி 45, வரம்பு மீறப்படவில்லை. ஆனால் எந்த 15 நிமிடச் சராசரியும் மூன்று மடங்கான 150ஐத் தாண்டக் கூடாது. 12 மணி நேர ஷிப்ட் செய்பவருக்கு இந்த 50 அப்படியே பொருந்தாது. காற்றை அளக்க வருபவரிடம், உங்கள் ஷிப்டுக்கு வரம்பு எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இடுப்பில் சிறு பம்ப்பும் சட்டைக் காலரில் குழாயும் மாட்டி அளப்பார்கள். உறுத்துகிறதென்று அதைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டால், பதிவாவது ஆணி சுவாசித்த காற்றுதான்.

இத்தகைய எண்களுக்கு முன்பே பாதை போட்டவர் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன். 1910இல் இல்லினாய் மாநிலத்தில், பழுக்கக் காய்ந்த இரும்புக் குளியல் தொட்டிகளின்மேல் ஈயம் கலந்த எனாமல் பொடியைத் தூவியவர்களை, மருத்துவமனைப் பதிவேடுகள் வழியாகவும் வீடு வீடாகவும் தேடிச் சென்று, நோய்க்கும் தூசிக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். அமெரிக்க அரசுத் தொழிற்சுகாதார நிபுணர்களின் அமைப்பு 148 பொருள்களுக்கு வரம்புப் பட்டியல் வெளியிட்டது 1946இல்தான்.

வரம்பு மீறினால் முதலாளி முதலில் ரசாயனத்தை மாற்றவோ, ஆவி வெளியேறாதபடி இயந்திரத்தைச் சுற்றி அடைக்கவோ, ஆவியை உறிஞ்சும் வசதி செய்யவோ வேண்டும். முகமூடி கடைசி வழி. அளவீட்டு முடிவைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை. மருத்துவக் கண்காணிப்புக்கு உரிய ரசாயனங்களுக்கு, 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் தொழில்சுகாதார மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இதற்கான செலவைச் சம்பளத்தில் பிடிப்பதையும், பாதுகாப்பில்லை என்று புகார் செய்ததற்காகவே வேலைநீக்கம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது.

பரிசோதனைப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டு நிற்கும்போது ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தொழில்நோய் இழப்பீடு கோர நேர்ந்தால், எந்த ஆண்டில் எதைச் சுவாசித்தீர்கள் என்பதற்கு அது உதவும்.