கன்னித்தீவு ஒட்டிய நோட்டு வீட்டில் இருக்கிறதா? லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கிரயப் பத்திரம், ஜாதகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று பலதும் வரும். அவற்றோடு, செய்தித்தாளில் வந்த படக்கதையை நாள்தோறும் வெட்டி ஒட்டிய நோட்டுகளும் அவ்வப்போது வருகின்றன. ராமபாணப் பூச்சியும் கறையானும் தின்று கெட்டது அவற்றில் கொஞ்சம்தான். பத்திரமாக வைக்கிறேன் என்று செலோடேப், ஃபெவிகால், லேமினேஷன் போட்டுக் கெடுத்ததுதான் அதிகம். ஆசையில்லாதவர் யாரும் இப்படிச் செய்வதில்லை. முப்பது நாற்பது வருஷம் பாசமாக வைத்திருந்தவர்கள்தான் கடைசியில் ஒரு மத்தியான நேரத்தில் கெடுத்துவிடுகிறார்கள். அதைத் தடுக்கவே இதை எழுதுகிறேன்.

செய்தித்தாள் படக்கதையில் நம் ஊருக்கு உரிமை உண்டு. சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில்தான். அந்தப் பத்திரிகையில் 1960-களில் ஆரம்பித்த கன்னித்தீவு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் சிந்துபாத்தையும் லைலாவையும் பார்த்தபடியே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்கள் எத்தனையோ பேர். முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற எதையும் கன்னித்தீவு என்று சொல்வது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. அதன் பிறகு எண்பதுகளில் வெள்ளிக்கிழமை தோறும் தினமலரோடு வந்த சிறுவர் மலர். அதன் படக்கதைப் பக்கங்களைப் பின்னடித்து வைத்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு அருகில் இருக்கும். பரணைச் சுத்தம் செய்கிற வயது.

இந்த வடிவம் பிறந்தது அமெரிக்க நாளிதழ்களின் விற்பனைப் போட்டியில். 1895-ல் நியூயார்க் வேர்ல்டில் தலைகாட்டிய சேரிப் பையன் ஒருவன், பிறகு போட்ட மஞ்சள் அங்கியாலேயே பெயர் பெற்றான். அடுத்த ஆண்டே போட்டிப் பத்திரிகை அவனை வரைந்த ஓவியரை விலைகொடுத்து இழுத்துக்கொண்டது. 1907-ல் சான் பிரான்சிஸ்கோவில் பட் ஃபிஷர், தினமும் ஒரு வரிசை என்ற வழக்கத்தை நிலைநிறுத்தினார். லீ ஃபாக் 1934-ல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் 1936-ல் முகமூடி வீரர் வேதாளரையும் படைத்தார். ஒரு சிண்டிகேட் ஒரே கதையை உலகம் முழுக்கப் பல பத்திரிகைகளுக்கு விற்கும். இந்த ஏற்பாட்டில்தான் வேதாளரும் மாண்ட்ரேக்கும் துப்பறிவாளர் ரிப் கெர்பியும் நம் பக்கம் வந்தார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் அவர்களைத் தமிழ் பேச வைத்தது. அதன் முதல் இதழ் நாயகனான இரும்புக்கை மாயாவி மட்டும் நாளிதழிலிருந்து வந்தவர் அல்ல; பிரிட்டிஷ் வார இதழ்க்காரர்.

சரி, புத்தகமாகத்தான் வந்துவிட்டதே, பழைய துண்டுகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புத்தகம் வேறு, நாளிதழில் வந்த கதை வேறு. நாளிதழ்க் கதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டங்களில் ஓடும். நேற்றைய கதையை முதல் கட்டத்தில் தொட்டுக்காட்டி, நாளைக்கு வாங்கவைக்கும்படி கடைசிக் கட்டத்தில் நிறுத்தும். புத்தகமாக்கும்போது பக்க அளவுக்காகக் கட்டங்களை வெட்டுவார்கள், இடம் மாற்றுவார்கள், திரும்பச் சொல்லும் கட்டங்களை எடுத்துவிடுவார்கள். 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் வேதாளர் கதைகளுக்கு இதெல்லாம் நடந்தது. அவருடைய காட்டு நாட்டின் பெயரையே மாற்றினார்கள். கதை அன்று வாசகர் கைக்கு எப்படி வந்ததோ அந்த வடிவம் செய்தித்தாளில் மட்டும்தான் இருக்கிறது. புத்தகமே ஆகாத தொடர்களுக்கோ வேறு சாட்சியே கிடையாது.

இந்தச் சாட்சிகளைக் காப்பாற்றியதில் பெரிய நிறுவனங்களைவிடத் தனி வாசகர்களின் பங்குதான் பெரிது. அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் படமெடுத்துக்கொண்டு, பைண்டு செய்த தொகுதிகளைக் கழித்துக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கங்களின் நிறம் அதில் இல்லை, மெல்லிய கோடுகளும் சாம்பல் புள்ளிகளும் திட்டுத்திட்டாகிவிடும். பில் பிளாக்பியர்டு என்ற படக்கதை ரசிகர் அந்தத் தொகுதிகளைக் கேட்டு நூலகங்களுக்குப் போனார். தனி ஆளுக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். அதற்காகவே 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து, தன் வீட்டிலேயே சேர்க்க ஆரம்பித்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஏற்றிச் செல்ல ஆறு பெரிய டிரெய்லர் லாரிகள் தேவைப்பட்டன. எடை 75 டன். அங்குள்ள பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் இப்போது யாரும் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி போனால், பக்கத்திலேயே கோட்டையூர். அங்கே விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரம்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. அவர் சேர்த்துவைக்காமல் போயிருந்தால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகத்தைப் பற்றி நாம் பாதி ஊகத்தில்தான் பேசிக்கொண்டிருப்போம். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

இனி காகிதத்துக்கு வருகிறேன். நியூஸ்பிரிண்ட் ஒரு நாள் வாழ்வதற்காகச் செய்த தாள். மரத்தை இயந்திரத்தில் அப்படியே அரைத்த கூழ்தான் அதில் பெரும்பகுதி. மர நாரைப் பிணைத்து வைக்கும் பொருள் லிக்னின்; நல்ல காகிதத்தில் அதை நீக்கிவிடுவார்கள், இதில் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் நாரைத் துண்டு துண்டாக அறுக்கும். அதனால்தான் பழைய பேப்பர் மடித்த இடத்தில் அப்பளமாக உடைகிறது. கரூர் பக்கம் புகளூர் ஆலையில் எண்பதுகளிலிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டு நியூஸ்பிரிண்ட் தயாரித்தார்கள். அதுவும் பழுக்கத்தான் செய்தது. சந்தேகமிருந்தால் இன்றைய பேப்பரை மொட்டை மாடியில் விரித்து, பாதியின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். மதுரை வெயிலுக்கு ஓரிரு நாளில் புத்தகத்தின் ஓரம் தாளில் கோடாகத் தெரியும்.

வெப்பம் ஏற ஏற இந்தச் சிதைவு வேகமெடுக்கும். நம் வீடுகளில் பழைய பேப்பர் எங்கே இருக்கிறது? பரணில். அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் கூரைக்கு ஒரு முழம் கீழே கை வைத்துப் பாருங்கள், போதும்.

ஹார்வி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கட்டைப்பை நிறைய நோட்டுகளோடு வந்தார். எழுபதுகளின் கன்னித்தீவு. பள்ளிக்கூட நோட்டில் மைதா பசை போட்டு ஒட்டியது. "தம்பி, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டணும்னு வச்சிருக்கேன். எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணிப்புடலாமான்னு பாக்குறேன்" என்றார். "அய்யா, அதை மட்டும் செஞ்சிராதீங்க. நோட்டை இப்படியே குடுங்க" என்றேன். லேமினேஷனில் சூட்டில் உருகும் பிளாஸ்டிக் காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியே இல்லை. உள்ளே அமிலம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி.

அந்த நோட்டுகளில் ஒட்டியது மைதா பசை என்பது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பூச்சிக்கு மைதா விருந்து, உண்மைதான். ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும். முதலில் ஒரு மூலையில் ஈரப் பஞ்சால் ஒற்றி, மை கலைகிறதா என்று பார்க்க வேண்டும். கலையவில்லை என்றால், மெத்தில் செல்லுலோஸ் கூழை நோட்டுத் தாளின் பின்பக்கம் தடவிக் காத்திருக்க வேண்டும். ஈரம் மெதுவாக இறங்கிப் பசை இளகும். அப்புறம் நோட்டுத் தாளைத்தான் துண்டிலிருந்து உரிக்க வேண்டும். துண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. நனைந்த நியூஸ்பிரிண்ட்டுக்குத் தன் எடையையே தாங்கத் தெம்பு கிடையாது, அதனால் அடியில் பாலியெஸ்டர் வலைத்துணி கொடுத்துத்தான் தூக்குவோம். ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பாரம். வீட்டில் இதை முயன்று பார்க்க வேண்டாம். ஃபெவிகாலில் ஒட்டியிருந்தால் எங்களுக்கும் பெரும்பாடுதான். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அது மசியாது.

உரித்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சினிமா விளம்பரங்கள். ஒன்றில் தங்கம் தியேட்டர் பெயரும் ‘இன்று முதல்’ என்ற வரியும் இருந்தன. பெரியவர் தேதி எதையும் குறித்து வைக்கவில்லை. அந்த விளம்பரத்தை வைத்துத்தான் அது எந்த வாரம் என்று பிடித்தோம், அதை ஒட்டி மற்ற துண்டுகளும் வரிசைக்கு வந்தன. பின்பக்கத்தை ஒட்டி மறைத்துவிட்டால் துண்டின் பிறந்த தேதியே போய்விடுகிறது. ஆகவே இனிமேல் வெட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒட்டாதீர்கள். பத்திரிகையின் பெயர், மதுரைப் பதிப்பா வேறு ஊர்ப் பதிப்பா, தேதி, பக்கம் ஆகியவற்றை வெள்ளை ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

செலோடேப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழிந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான். சில வருஷத்தில் மேலே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை உதிர்ந்துவிடும். பசை மட்டும் எண்ணெயாகத் தாளுக்குள் இறங்கித் தேன் நிறத்தில் கறையாகும். அந்தக் கறையை முழுக்க எடுக்க முடிவதில்லை. கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும்; துணுக்குகளை மட்டும் தொலைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஸ்டேப்ளர் ஊசி, குண்டூசி, ஜெம் கிளிப் இருந்தால் துருப்பிடிக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

வைப்பதற்குப் பெரிய செலவில்லை. மடிப்பை நீக்கித் தட்டையாக அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடையே ஒரு வெள்ளைத் தாள் போடுங்கள். அமிலமற்ற தாள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தரமான ஏ4 ஜெராக்ஸ் தாளே பரவாயில்லை. இன்று வரும் பெரும்பாலான தாள்களில் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பதால் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அந்தத் தாள்கள் பழுத்தால் மாற்றிவிடுங்கள். பெட்டியைப் பரணிலும் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். பாலித்தீன் பையில் கட்டினால் ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் அடைந்து பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம். நம் பெரியவர்கள் ஏட்டுச் சுவடிக்கு வைத்த வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் வைக்கலாம், பொடியாகத் தூவ வேண்டாம். அதைவிடப் பலன் தருவது, தை மாசியில் வருஷத்துக்கு ஒரு முறை நிழலில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது. பூச்சி வந்திருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

ஸ்கேன் எடுப்பது அவசியம். கோட்டுச் சித்திரத்துக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), வண்ணத்துக்குக் குறைந்தது 400. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே எடுங்கள், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். துண்டின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் பின்பக்க எழுத்து முன்னால் தெரிவது வெகுவாகக் குறையும். பின்பக்கத்தையும் தனியாக எடுங்கள். போனில் எடுப்பதானால் ஜன்னலோர நிழலில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து. அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். மஞ்சளை நீக்கி ‘சுத்தம்’ செய்வதை நகலில் மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும். கதையின் உரிமை பதிப்பாளருடையது. அவர்களைக் கேட்காமல் மொத்தமாகப் பொதுவில் ஏற்றுவது சரியல்ல.

ஸ்கேன் ஆகிவிட்டது என்று காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம் தாங்காது. அமெரிக்க நூலகங்கள் மைக்ரோஃபிலிமை நம்பிச் செய்த அதே காரியம் இது. தாளின் தன்மை, மையின் அழுத்தம், நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிய விதம் எல்லாம் நாளை ஒருவர் கேட்கும்போது காகிதம்தான் பதில் சொல்லும்.

வெட்டாத முழு நாளிதழ்கள் கட்டாக இருந்தால் அதிலிருந்து படக்கதையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அந்தக் கதைக்குப் பக்கத்தில் என்ன செய்தி வந்தது, என்ன விளம்பரம் வந்தது என்பதும் சேர்ந்துதான் அதன் வரலாறு. வீட்டில் இடமில்லை என்றால் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவை இல்லை என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு நூலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் கேளுங்கள். பட்டியல் இல்லாத மூட்டையை வாங்கத் தயங்குவார்கள். பட்டியலைப் பார்த்தால் தங்களிடம் எது இல்லை என்று அவர்களே தேடிப் பார்ப்பார்கள்.