கண்ணில் தங்கும் வெள்ளைத் தழும்பு எப்படி மங்குகிறது?

"சதையை எடுத்தாகிவிட்டது என்றார்கள். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாக ஏதோ இன்னும் இருக்கிறதே, தம்பி?" என்று மாமா கேட்டபோது அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் குலை அறுத்தவர். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்க்கிற வேலை. வெயிலும் தூசியும் சேர்ந்து, மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து, கண்ணின் முன்புறப் பளிங்குப் படலமான கார்னியாவின் மேல் ஒரு சதையை வளர்த்துவிட்டிருந்தன.

அவர் கண்டது மிச்சம் விட்டுப்போன சதை அல்ல, தழும்பு. அந்தத் தழும்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை என்பதைத்தான் அவருக்குச் சொல்ல விரும்பினேன்.

கார்னியாவின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு. கொலாஜன் இழைகளால் ஆனது. நம் தோலிலும் தசைநாரிலும் இருப்பது அதே கொலாஜன்தான். தோல் ஒளியை மறைக்க, கார்னியா மட்டும் ஏன் விடுகிறது? இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்குதான் காரணம். ஒவ்வோர் இழையும் சுமார் 30 நானோமீட்டர் பருமன். இழைகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரே அளவு இடைவெளி, அதுவும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. இழைகளில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேராகச் செல்லும் ஒளி மட்டும் உள்ளே போகிறது. இந்த விளக்கத்தை டேவிட் மாரிஸ் 1957இல் முன்வைத்தார்.

ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைக் காலையில் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையை உடைக்கும்போதே பார்க்கலாம். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு தெளிந்த நீர்போல இருக்கும். சூடு பட்டதும் புரதங்கள் திரண்டு பின்னிக்கொள்ள, அதே பொருள் வெளுத்துவிடுகிறது. ஆனால் வெந்த முட்டை திரும்பாது. கார்னியாவுக்கு ஓரளவு திரும்பத் தெரியும், ஏனெனில் அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன.

அமைதியான நாள்களில் கெரட்டோசைட் என்னும் இந்தச் செல்கள் ஸ்ட்ரோமாவுக்குள் தட்டையாகப் படுத்துக்கிடக்கும். கிறிஸ்டலின் வகைப் புரதங்கள் நிறைந்திருப்பதால் அவையும் ஒளியை மறிப்பதில்லை. அறுவையில் சதையை எடுக்க மேற்பரப்பைச் சுரண்டியதும் காயத்தை ஒட்டிய செல்கள் மடிகின்றன. அடுத்திருப்பவை விழித்துக்கொண்டு காயத்தை நோக்கி நகர்கின்றன. கார்னியாவின் மேல்தோல் சில நாள்களில் மூடிவிடும், வலியும் குறைந்துவிடும். எல்லாம் ஆறிவிட்டது என்று நோயாளி நினைக்கிற அந்த நேரத்தில்தான் உள்ளே வேலை சூடுபிடிக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா என்னும் வேதிச் சமிக்ஞை மேலிருந்து இறங்க, சில செல்கள் மயோஃபைப்ரோபிளாஸ்டாக உருமாறுகின்றன. இவை காயத்தை இழுத்துச் சுருக்கும். தாறுமாறாகக் கொலாஜனைக் கொட்டும். தங்கள் பளிங்குத் தன்மையையும் இழந்துவிடும். ஆகவே முதல் சில மாதங்களில் தெரியும் வெண்மையில் ஒரு பங்கு இழைகளுடையது, ஒரு பங்கு இந்தச் செல்களுடையதே.

திருப்பம் எங்கே வருகிறது? மேல்தோலுக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் நடுவே உள்ள மெல்லிய அடித்தளச் சவ்வில். அது செம்மையாக மீண்டும் உருவானால் சமிக்ஞை கீழே இறங்குவது தடைபடும். சமிக்ஞை இல்லாமல் மயோஃபைப்ரோபிளாஸ்ட் வாழாது, தானே மடிந்துவிடும். கெரட்டோசைட்டுகள் திரும்பி வந்து, கலைந்த இழைகளைக் கரைத்து மெல்ல மெல்ல ஒழுங்காக்கும். இந்தப் பிந்தைய வேலைக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் பிடிக்கும். பார்வைக் குறையை நீக்கக் கார்னியாவின் மேற்பரப்பில் லேசர் செலுத்தும் பி.ஆர்.கே. சிகிச்சையிலும் இதே கதைதான்: முதல் சில மாதங்களில் கூடும் மங்கல், ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு வெகுவாகக் குறைகிறது.

முழுவதும் போய்விடும் என்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. மேல்தோலுக்குக் கீழே உள்ள பௌமன் அடுக்கைச் சதை ஏற்கெனவே அரித்திருந்தால், அது மறுபடி வளராது. அந்த இடத்தில் மெல்லிய சாம்பல் நிழல் தங்கும். அது கண்மணிக்கு நேரே இல்லாமல் ஓரத்தில் இருந்தால் பார்வைக்குப் பெரிதாக இடையூறு செய்யாது.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகை கூட இல்லை. கொடிமலை மேகத்தில் மறைந்திருக்கும் நாளிலும் புற ஊதாக் கதிர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கதிர் ஆறும் கார்னியாவில் மங்கலைக் கூட்டக்கூடும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கார்னியாவே வளைத்து மூக்கோரத்தில் குவிக்கிறது. சதை பெரும்பாலும் அந்தப் பக்கமே முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முன்னால் மட்டும் மறைக்கும் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் வளைத்து மூடும் கண்ணாடி வேண்டும்.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அது மேலே சொன்ன செல்களின் வேகத்தை அடக்கத்தான். அதுவே கண் அழுத்தத்தை ஏற்றவும் கூடும். நன்றாக இருக்கிறதே என்று தானாக நீட்டிக்கவோ, பாதியில் நிறுத்தவோ கூடாது.

வெண்மை அசையாமல் இருந்தால் பொறுத்திருக்கலாம். அதன் மேல் சிவந்த ரத்தக் குழாய்கள் ஊர்ந்து வருவதாகத் தெரிந்தால் அது தழும்பு அல்ல, சதையின் மறுவளர்ச்சி. அப்படித் திரும்புவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் நடக்கும். வலியோ பார்வைக் குறைவோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாமாவுக்கு இது ஒன்பதாம் மாதம். ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். மூக்கோரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு புகைக்கோடு, அதுவும் தேடினால்தான் தெரிகிறது.