விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு: இடைக்கால இங்கிலாந்தின் டௌவர் உரிமை

கணவன் இறந்தால் மனைவி எதை வைத்துப் பிழைப்பாள்? இடைக்கால இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கு நேரான பதில் இருந்தது. கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவள் ஆயுள் முழுவதும் அவளுக்கு. இதன் பெயர் டௌவர். வரதட்சணையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெண் வீட்டார் கொடுத்து அனுப்புவது. இது கணவன் சொத்திலிருந்து விதவைக்கு வந்து சேர வேண்டியது. பத்திர மொழியில் சொன்னால், ஆயுள் உள்ளவரை ஆண்டு அனுபவிக்கலாம், விற்க முடியாது. அவள் காலத்துக்குப் பிறகு நிலம் கணவனின் வாரிசுக்குப் போய்விடும்.

1215-இல் அரசர் பிரபுக்களுக்கு உரிமைகளை உறுதி செய்து கொடுத்த சாசனம் மேக்னா கார்ட்டா. அதன் 7-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். தன் பங்கைப் பெற விதவை ஒரு காசும் கட்ட வேண்டாம். கணவன் இறந்து 40 நாள் வரை அவன் வீட்டிலேயே இருக்கலாம். அதற்குள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பிரிவு, விருப்பமில்லாத விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அரசரிடமிருந்தோ வேறொரு பிரபுவிடமிருந்தோ நிலம் பெற்றிருந்தால், அவர் அனுமதியில்லாமல் மணக்க மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று என்ற அளவு 1217-இல் சாசனத்தைத் திருத்தி வெளியிட்டபோது எழுத்தில் ஏறியது.

குழந்தை இருந்தால்தான் பங்கு என்ற நிபந்தனை இல்லை. மறுமணம் செய்துகொண்டாலும் பங்கு போகாது. கணவன் இறக்கும்போது மனைவிக்கு 9 வயது ஆகியிருந்தால் போதும் என்று சட்டம் சொன்னது. அந்த வயதிலும் விதவைகள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் ராஜத்துரோகியாகத் தீர்ப்பான கணவனின் நிலத்தில் பங்கு கேட்க முடியாது. கணவனை விட்டு வேறொருவனோடு போய், சமரசமாகாமலே இருந்துவிட்டாலும் 1285-இன் சட்டப்படி பங்கு கிடையாது.

பிரிவினை மிக நுணுக்கமாக நடக்கும். எந்த அறைகள், தோட்டத்தில் எந்தப் பக்கம், மாவு அரைக்கும் ஆலையின் வருமானத்தில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். இது போக, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக நிலம் எழுதி வைக்கும் ஜாயிஞ்சர் என்ற ஏற்பாடும் பரவியது. அப்படி எழுதிய நிலம் முழுவதும் விதவையின் ஆயுள் வரை அவளிடமே இருக்கும்.

சரி, நடைமுறையில் இதெல்லாம் எப்படி இருந்தது? கிளேர் சீமாட்டி எலிசபெத் டி பர்கின் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். 1295-இல் பிறந்தவர், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் பேத்தி. 13 வயதில் திருமணம், 17 வயதில் விதவை. அண்ணன் 1314-இல் ஸ்காட்லாந்துப் படையோடு நடந்த பானக்பர்ன் போரில் இறந்ததும், குடும்பத்தின் பெருஞ்சொத்து மூன்று சகோதரிகளுக்கும் வந்தது. அதோடு ஆபத்தும் வந்தது. 1316-இல் தியோபால்ட் டி வெர்டன் என்ற பிரபு அவரை பிரிஸ்டல் கோட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் மணந்தான். ஆறு மாதத்துக்குள் அவனும் இறந்தான். அப்புறம் அரசர் இரண்டாம் எட்வர்ட் தன் செல்லப்பிள்ளை ரோஜர் டாமரியை மணக்கச் சொல்லி நெருக்கினார். மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பிரிவு ஏட்டில் இருந்தது; அரசரே நெருக்கும்போது அதைக் காட்டி யாரிடம் முறையிடுவது?

இப்படிக் கணவனான டாமரி, அரசருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து 1322-இல் இறந்தபோது எலிசபெத்துக்கு 26 வயது. அவரைக் காவலில் வைத்தார்கள். அரசரின் புதிய செல்லப்பிள்ளை ஹ்யூ டெஸ்பென்சர், எலிசபெத்தின் சொந்த அக்காள் கணவன். அவன் வேல்ஸிலிருந்த அஸ்க் பகுதியை, எலிசபெத்தின் பிறந்தவீட்டுச் சொத்தை, மிரட்டி எழுதி வாங்கினான். மாற்றாகக் கொடுத்த கவர் என்ற பகுதியையும் பிறகு வழக்கு போட்டுப் பறித்தார்கள். 1326 மே மாதம் தனக்கு நடந்ததையெல்லாம் ஓர் ஆவணத்தில் ரகசியமாகப் பதிவு செய்து வைத்தார். எனக்கு அவர் வாழ்க்கையில் பெரிதாகத் தெரிவது இந்தச் செயல்தான். அதே ஆண்டு இறுதியில் டெஸ்பென்சர் தூக்கிலேற்றப்பட்டான். அஸ்க் எலிசபெத்திடம் திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் மணக்கவே இல்லை. பிறந்தவீட்டுப் பங்கும், கணவன்மார் வழியாக வந்த பங்குகளும் சேர்ந்து ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு மேல் வருமானம். கணவன் இருந்திருந்தால் அத்தனையும் அவன் கையில் இருந்திருக்கும். விதவை என்பதால் கணக்குப் பார்ப்பதும், ஆளை வைப்பதும், வழக்கு நடத்துவதும் அவரே. சஃபோக்கிலிருந்த கிளேர் கோட்டையிலிருந்து எல்லாவற்றையும் நிர்வகித்தார். அவரது வீட்டுக் கணக்குச் சுருள்கள் நிறையவே இன்றும் இருக்கின்றன.

அந்தப் பணத்தில்தான் நொடித்துக் கிடந்த ஒரு கேம்பிரிட்ஜ் கல்லூரியை 1338 முதல் தூக்கி நிறுத்தினார். 1359-இல் அதற்கு விதிகளும் வகுத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு காலமானார். அதுதான் இன்றைய கிளேர் கல்லூரி. அதன் சின்னத்தில் கிளேர், டி பர்க் குடும்பங்களின் கேடயங்களைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை ஓடுகிறது. கரை முழுவதும் பொன்னிறக் கண்ணீர்த் துளிகள்.