காட்டமான கயானா ரம்: முதலில் தண்ணீரை எடுத்து வையுங்கள்

பார் ஊழியர்களுக்கு மது வகைகளை ருசிபார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டம் கூடிய இளம் ரம்மைப் புதியவர்கள் முன் வைத்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். கிளாஸுக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரும். "செம சரக்கு சார்" என்பார்கள். எரிந்தால் நல்ல சரக்கு என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

எரிச்சலுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை. வாயில் சூட்டை உணரும் ஏற்பிகள் சாதாரணமாக 42 டிகிரி வாக்கில்தான் விழித்துக்கொள்ளும். எத்தனால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உடம்புச் சூடே 37 டிகிரி என்பதால் வாய் எரிகிறது. மட்டமான சாராயத்திலும் இதே எரிச்சல்தான்.

அடுத்தது பெக் கணக்கு. லெமன் ஹார்ட் 151 போன்ற டெமராரா ரம்மில் (கயானா ரம்மின் இன்னொரு பெயர்) 151 என்பது அமெரிக்க புரூஃப் அளவு. அதில் பாதி, அதாவது 75.5 சதவீதம் ஆல்கஹால். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ரம் 42.8 சதவீதம். அதில் 30 மில்லி ஊற்றினால் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 151இல் அதே 30 மில்லிக்குக் கிட்டத்தட்ட 18 கிராம். அதில் ஒரு லார்ஜ் (60 மில்லி) ராவாக அடித்தவர், வழக்கமான ஸ்மால் (30 மில்லி) மூன்றரையைக் குடித்திருக்கிறார். போதை ஏறச் சற்று நேரமாகும் என்பதால் அதற்குள் அடுத்த ரவுண்டும் வந்துவிடும். ஆபத்தே அந்த இடைவெளிதான்.

சரி, ரம்முக்கு வருவோம். கயானாவில் டெமராரா ஆற்றங்கரையில் இருக்கும் டயமண்ட் வடிசாலையில் மரத்தாலான பழைய வாலைகள் (ரம் வடிக்கும் கலன்கள்) இன்றும் ஓடுகின்றன. கிரீன்ஹார்ட் என்ற உள்ளூர் மரத்தில் செய்தவை. அவற்றில் ஒன்று, பெர்பிஸ் பகுதியின் போர்ட் மூரண்ட் தோட்டத்திலிருந்து வந்த இரட்டை வாலை. (பெர்பிஸ் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிப் போனார்கள்.) அந்த வாலையில் வடித்த ரம்மைப் பீப்பாயில் அதிக நாள் வைக்காமல் பாட்டிலில் அடைத்தால், அதன் முரட்டுத்தனம் அப்படியே தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிளாஸில் 10 மில்லி போதும். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள். அப்புறம் தாடைக்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக மோந்து பாருங்கள். முதலில் நெயில் பாலிஷ் நெடி, கொஞ்சம் ரப்பர். அது அடங்கியதும் கனிந்த வாழைப்பழம், சோம்பு, அதிமதுரம், பென்சில் சீவிய தூள். 75.5 சதவீத ரம் என்றால் 9 மில்லி தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 40க்கு வரும். இன்னும் 6 மில்லி விட்டால் 30. என் கணக்கில் அந்த 30இல்தான் ரம் வாய் திறந்து பேசும். உப்பில் ஊறிய ஆலிவ் வாசனை அப்போதுதான் கிளம்பும். தண்ணீர் கலப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தண்ணீர் கலந்தது, கலக்காதது என இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பாக இருக்கும் பல ரம்களின் நிறம் கேரமலிலிருந்து வருவது, வயதிலிருந்து அல்ல.

ஒரு சொட்டு நாக்கில் பரவினால் போதும், துப்பிவிடலாம். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

பார்களில் இதைக் கொளுத்தி வித்தை காட்டுகிறார்கள். 75 சதவீத ரம்மின் ஆவி நம் ஊர் அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கும். எரியும் கிளாஸில் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் புகுந்து, எதிரே நிற்பவர் முகத்தில் பீய்ச்சி அடிக்கலாம். வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், முதலாளி கேட்டாலும்தான்.