டாஃப்னியா நீந்துகிறதா?

ஆலைக் கழிவுநீரைச் சோதனைக்கு அனுப்பினால் குரோமியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு என்று ஒரு பட்டியல் வரும். கருவி தேடச் சொன்னதைத்தான் தேடும். யாரும் கேட்காத நஞ்சு அதில் வராது. தனித்தனியே வரம்புக்குள் இருக்கும் நான்கு பொருள்கள் ஒன்றுசேர்ந்து என்ன செய்யும் என்பதும் தெரியாது. அதனால்தான் உயிருள்ள ஒன்றை அந்த நீரில் விட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த வேலைக்குப் பேர்போனது டாஃப்னியா. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நன்னீர் உயிரி. பார்க்கப் பூச்சி மாதிரி இருந்தாலும் இறால், நண்டு வகையறா. ஆண் துணை இல்லாமலே பெண் குஞ்சு ஈனும். குஞ்சுகள் தாயின் மரபணு நகல்கள் என்பதால் ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகக் குறைவு. சோதனைக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

கழிவுநீரை முழுதாக, பாதியாக, கால், அரைக்கால், மாகாணி என்று நல்ல நீரில் கலக்கிறார்கள். ஒவ்வொரு கலவையிலும் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத 20 குஞ்சுகள். நல்ல நீர் மட்டும் உள்ள குவளையும் ஒன்று உண்டு. அதிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் முடங்கினால் சோதனையே செல்லாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்து, 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுகிறார்கள். செத்ததா என்று பார்ப்பதில்லை. இத்தனை சிறிய உயிரில் அதை உறுதியாகச் சொல்வது சிரமம். கால் பங்குக் கலவையில் பாதிக் குஞ்சுகள் முடங்கினால் நஞ்சளவு 4: கால் பங்கு என்றால் 25 சதவீதம், நூறை இருபத்தைந்தால் வகுத்த கணக்கு, அவ்வளவுதான்.

அவசரத்துக்கு ஒளிரும் கடல் பாக்டீரியா இருக்கிறது. நஞ்சு பட்டால் அரை மணிக்குள் ஒளி மங்கிவிடும். ஆனால் சாயக் கழிவில் கவனம் தேவை: நிறமே ஒளியை விழுங்கி, இல்லாத நஞ்சை இருப்பதாகக் காட்டும்.

சரி, நஞ்சு இருக்கிறது. எது என்று டாஃப்னியா சொல்லாதே? அதற்கும் வழி உண்டு. உலோகங்களைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஈடிடிஏவை ஒரு பங்கில் சேர்த்து மறுபடி குஞ்சுகளை விடுகிறார்கள். இப்போது நீந்தினால் உலோகத்தின் மேல் சந்தேகம். இன்னொரு பங்கில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட். அதில் நீந்தினால் கதை வேறு: கிருமியைக் கொல்லவென்று சுத்திகரிப்பின் கடைசியில் சேர்த்த குளோரினே குஞ்சுகளை முடக்கியிருக்கலாம்.