குடியேறப்போகும் ஊரை விருந்தாளியாகப் பார்க்காதீர்கள்

புது ஊரில் வேலை உறுதியானதும் பெரும்பாலானவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கிளம்புகிறார்கள். நகரின் நடுவில் ஒரு நல்ல விடுதி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாலு பேர் சொன்ன இடங்களைச் சுற்றுகிறார்கள், இடையில் தரகர் காட்டும் இரண்டு மூன்று வீடுகளையும் பார்க்கிறார்கள். ‘ஊர் நல்லாத்தான் இருக்கு’ என்று திரும்பி வந்து முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். குடியேறிய சில மாதங்களில் அவர்களிடமிருந்து அழைப்பு வரும். அருங்காட்சியகம் சின்னதாக இருக்கிறது என்று இதுவரை யாரும் குறைப்பட்டதில்லை. காலையில் ரயிலில் ஏறவே முடியவில்லை, பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் தூங்கவிடவில்லை, அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். இப்படித்தான் இருக்கும் புகார்கள். சனி, ஞாயிறு சுற்றலில் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது.

இதில் மனித மனத்தின் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவிலும் நடுமேற்கு மாநிலங்களிலும் படித்த மாணவர்களிடம் கேட்டபோது, கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று இரண்டு பக்கத்து மாணவர்களும் ஊகித்தார்கள். ஆனால் அவரவர் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், திருப்தி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது வானிலை மாதிரி பளிச்சென்று தெரிகிற வித்தியாசத்துக்கு நாம் அதிக எடை கொடுத்துவிடுகிறோம். தினமும் நடக்கிற சாதாரண விஷயங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் நான் சொல்வது, பயணத்தில் ஒரு வேலைநாளாவது இருக்கட்டும் என்பதுதான். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள். விடுதியையும் நடுநகரில் எடுக்காமல், வீடு பார்க்கிற பகுதியிலேயே எடுங்கள். காலையில் அலுவலக நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் இருந்து அலுவலக வாசல்வரை போய்ப் பாருங்கள். தினமும் பேருந்தில் போகப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கும் பேருந்துதான், டாக்ஸி வேண்டாம். மாலையில் அதே வழியில் திரும்புங்கள். வரைபடச் செயலி 35 நிமிடம் என்று காட்டும். கூட்டத்தால் விட்டுவிட்ட இரண்டு ரயில்களும், லிஃப்டுக்கு நின்ற வரிசையும், வண்டி நிறுத்த இடம் தேடிய நேரமும் அதில் இருக்காது. (தரகர் ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்றால், நடந்தா வண்டியிலா என்று கேளுங்கள். எந்த ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.)

பயண நேரத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். போகவும் வரவும் சேர்த்து ஒரு மணி நேரம். அதைத் தாண்டினால் என்ன ஆகும்? ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அலசினார்கள். பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கைத் திருப்தி குறைவதாகவே மக்கள் சொல்லியிருந்தார்கள். தூரம் கூடினாலும் பெரிய வீடோ நல்ல சம்பளமோ அதை ஈடுகட்டிவிடும் என்றுதான் நாம் கணக்குப் போடுகிறோம். அந்தத் தரவுகளில் அது ஈடாகவில்லை. வாடகை குறைவு என்பதற்காகத் தள்ளிப் போகிறவர்கள் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

வீட்டைக் காட்டுவது பெரும்பாலும் பகல் 11 மணிக்கு. ஊரே அமைதியாக இருக்கும் நேரம் அது. இரவு 10 மணிக்கும் விடியற்காலையிலும் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். சாலைப் போக்குவரத்தின் இரவு இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த பரிந்துரை. கைபேசிச் செயலியால் துல்லியமாக அளக்க முடியாது, ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பக்கத்தில் காலி மனை இருந்தால் அதில் என்ன வரப்போகிறது என்றும் விசாரியுங்கள். இன்றைய அமைதி கட்டட வேலை தொடங்கும்வரைதான்.

தண்ணீரைப் பொறுத்தவரை குழாய் வாயைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அது கடினநீர். வெள்ளம் வருமா என்று வீட்டுக்காரரைக் கேட்பதில் பயனில்லை. அந்தத் தெருவின் பழைய வீடுகளைப் பாருங்கள். வாசற்படி வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறதா, மின்சார மீட்டரை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா, சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பூச்சா? தெருமுனைக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

சரி, இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஊரைப் பார்த்து முடிவெடுப்பவர் ஒருவர், அந்த ஊரில் அதிக நேரம் வாழப்போகிறவர் வேறொருவர். வேலை கிடைத்தவர் காலையில் போய் இரவு திரும்புவார். பழகுவதற்கு அவருக்கு அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஊரை நாள் முழுக்க அனுபவிப்பது, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்த மனைவியோ கணவரோ, வயதான பெற்றோர், பிள்ளைகள். இடம்பெயர்வு சரியாக அமையாத குடும்பங்களில் நான் பார்த்தவரை சிக்கல் பெரும்பாலும் இவர்களிடம்தான் தொடங்கும். ஒரே ஒருவரைத்தான் அழைத்துப் போக முடியும் என்றால், அந்த ஊரில் வீட்டோடு இருக்கப்போகிறவரை அழைத்துப் போங்கள். அதுவும் முடியாதபோது, அவருடைய ஒரு நாளை நீங்கள் வாழ்ந்து பாருங்கள். காலை 10 மணிக்குமேல் வாகனம் இல்லாமல் எங்கெல்லாம் போக முடிகிறது? பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா? நூலகமோ பூங்காவோ நடக்கும் தூரத்தில் உண்டா?

வெளிநாடு என்றால், துணைவருக்கான விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். செவிலியர், மருத்துவர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்குப் பல நாடுகளில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

பெற்றோரும் கூட வருகிறார்களா? அப்படியானால் அவர்கள் நடக்கும் வேகத்தில் ஒரு முறை சாலையைக் கடந்து பாருங்கள். பிரிட்டனில் பாதசாரி சிக்னல்கள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தை வைத்து அமைக்கப்பட்டிருந்தன. 65 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் அதைவிட மெதுவாகத்தான் நடக்கிறார்கள் என்று அங்கே 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. பச்சை விளக்கு அணைவதற்குள் அக்கரை சேர முடியாத ஒருவர் சில நாளில் வெளியே போவதையே நிறுத்திவிடுவார். நடைபாதையின் உயரம், உட்கார ஒரு பெஞ்சு, பொதுக் கழிப்பறை. இளைஞர்கள் கண்ணில் இவை படுவதே இல்லை.

அப்புறம் மருத்துவமனை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போடவும் முடியாது. எனவே அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறது என்பதோடு நிற்காமல், இரவிலும் பக்கவாதத்துக்குச் சிகிச்சை தருகிற மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் வரிசையை மாற்றிப் போடுங்கள். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுகிறோம். பல நாடுகளில் வீட்டு முகவரியை வைத்துத்தான் அரசுப் பள்ளியில் இடம் தருவார்கள். எல்லை ஒரு தெரு தள்ளிப் போனால் பள்ளியே மாறிவிடும். முதலில் பள்ளி, பிறகு வீடு. மாலையில் வீட்டருகே உள்ள விளையாட்டுத் திடலையும் எட்டிப் பாருங்கள். பிள்ளைகளே இல்லாத திடல் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

எந்தப் பருவத்தில் போவது? முடிந்தால் அந்த ஊரின் மோசமான மாதத்தில். வெயிலும் மழையும் எல்லோருக்கும் தோன்றிவிடும். பகலின் நீளத்தைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். வெளிச்சம் குறையும் மாதங்களில் மட்டும் வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் 1984-லேயே மருத்துவ இதழில் விவரித்துவிட்டார்கள். கோடையில் போய், இரவு 10 மணிக்கும் வெளிச்சமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து திரும்புகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் அது தெரியவரும்.

யாரிடம் விசாரிப்பது என்றால், உங்களை வேலைக்கு எடுத்தவரிடம் வேண்டாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் பல குறைகள் பழகிப்போயிருக்கும். ஓரிரு ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்தான் சரியான ஆள், குறைகள் அவருக்கு இன்னும் புதிதாக இருக்கும். வீட்டைக் காலி செய்கிறவரைச் சந்திக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏன் போகிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள், பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் சில விஷயங்கள் குடியேறிய பின்தான் தெரியும். அதனால் முதல் ஆண்டில் வீடு வாங்க வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தத்திலும் கால அளவைக் குறைத்து வாங்கப் பாருங்கள். முன்கூட்டியே காலி செய்தால் எவ்வளவு நாள் அறிவிப்பு தர வேண்டும், முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.